எச்சிலை வைத்தே ஈறு நோயைக் கண்டுபிடிக்கலாமா? பல்லைக் காப்பாற்றும் என்சைம் டெஸ்ட்!

காலையில் பிரஷ் பண்ணிவிட்டுத் துப்பும்போது, நுரையோடு லேசாக ஒரு சிவப்புக் கோடு. ‘பிரஷ் புதுசு, அதான் குத்திடுச்சு’ என்று நமக்கு நாமே ஒரு சமாதானம். குழாயைத் திறந்துவிட்டால் ரத்தமும் போச்சு, கவலையும் போச்சு. விரலில் சின்னக் கீறல் விழுந்தால்கூடப் பிளாஸ்திரி தேடுகிற நாம், வாயில் ரத்தம் வந்தால் மட்டும் கண்டுகொள்வதே இல்லை.

காரணம் சிம்பிள். வலிப்பதில்லை! சொத்தைப் பல் என்றால் ராத்திரி தூங்கவிடாது. மறுநாளே டாக்டரைத் தேடி ஓடவைக்கும். ஈறு நோய் அப்படியில்லை. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் ஆடுவது தெரியும். அப்போது போய் எக்ஸ்ரே எடுத்தால், பல்லைத் தாங்கிப் பிடித்திருந்த எலும்பில் பாதியைக் காணோம் என்பார்கள். போன எலும்பைப் பழையபடி முழுசாகக் கொண்டுவருவது பெரும்பாலும் முடியாத காரியம்.

உலகம் முழுக்க 100 கோடிக்கும் அதிகமான பேருக்குத் தீவிரமான ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதாவது, வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ‘இவ்வளவு அமைதியாக வரும் நோயை, பல் ஆடுவதற்கு முன்பே பிடிக்க முடியாதா?’ என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் பல வருடங்களாக விடை தேடுகிறார்கள். அந்தத் தேடல் போய் நிற்கும் இடம், நாம் தினமும் துப்பித் தள்ளும் எச்சில்.

ஈறுக்குள்ளே என்ன நடக்கிறது?

பல் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்புக்குள் நேரடியாக இறுகி நிற்பதில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன. ஊஞ்சலைக் கயிறு தாங்குகிற மாதிரி, இந்த நார்கள்தான் பல்லைத் தாங்குகின்றன. இவற்றின் முக்கியமான மூலப்பொருள் கொலாஜன் என்ற புரதம். ஆமாம், சருமப் பராமரிப்பு விளம்பரங்களில் அடிக்கடி கேட்கிறோமே, அதே கொலாஜன்தான்.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் ஒரு வழுவழுப்பான படலமாகப் படியும். இதுதான் பிளேக். சுத்தம் செய்யாமல் விட்டால், இந்தக் கிருமிகளை எதிர்க்க உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பும். ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இந்த முதல் கட்டத்துக்குப் பெயர் ஜிஞ்சிவைட்டிஸ்.

இந்தக் கட்டம் வர ரொம்ப நாள் ஆகாது. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்டு லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியர் ஒரு பரிசோதனை செய்தார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாள்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி பல் துலக்க ஆரம்பித்ததும், ஒரு வாரம் பத்து நாளில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. அதாவது, இந்தக் கட்டத்தில் கவனித்துவிட்டால் சேதாரம் எதுவும் இல்லை.

கவனிக்காமல் விட்டால்தான் சிக்கல். சிலருக்கு வீக்கம் மெல்ல உள்ளே இறங்கும். பல்லைத் தாங்கும் நார்கள் அறுபடும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை மாதிரி ஓர் இடைவெளி உருவாகும். அந்தப் பைக்குள் இன்னும் கிருமிகள் குடியேறும், எலும்பு கரையும். இதுதான் பெரியோடான்டைட்டிஸ். இங்கிருந்து பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. நோயை அந்த இடத்தில் நிறுத்திவைக்கத்தான் சிகிச்சை.

வால் எங்கே போச்சு?

‘நார்களை அறுப்பது கிருமிகள்தானே?’ என்று நினைப்போம். அங்கேதான் ட்விஸ்ட். அறுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது நம் உடம்பேதான்!

இதைப் புரிந்துகொள்ள ஒரு தலைப்பிரட்டையைப் பார்க்கலாம். குளத்தில் நீந்தும் தலைப்பிரட்டை, தவளையாக மாறும்போது அதன் வால் காணாமல் போகிறது. அறுந்து விழுவதில்லை, உடம்புக்குள்ளேயே கரைகிறது. கொலாஜன் சாதாரணமாகக் கரையாத உறுதியான நார். அது எப்படிக் கரைகிறது? 1962-ல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டார்கள். தலைப்பிரட்டையின் வால் துண்டை எடுத்து கொலாஜன் ஜெல் மீது வைத்தபோது, சுற்றியிருந்த ஜெல் கரைந்துபோனது. கொலாஜனை வெட்டும் ஓர் என்சைம் திசுவிலிருந்து வெளிவருகிறது என்பது அப்போதுதான் உறுதியானது. அதற்கு கொலாஜனேஸ் என்று பெயர் வந்தது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த என்சைம்கள் நம் உடம்பிலும் உண்டு. மொத்தமாக எம்.எம்.பி என்று சுருக்கி அழைக்கிறார்கள். அவற்றில் எட்டாம் நம்பர், எம்.எம்.பி-8, ஈறு நோயின் முக்கியப் புள்ளி. வெள்ளை அணுக்கள் இதைத் தங்களுக்குள்ளேயே பைகளில் ஸ்டாக் வைத்திருக்கின்றன. கிருமிகள் இருக்கும் இடத்துக்குப் போகத் திசுவுக்குள் வழி வெட்ட வேண்டுமே, அதற்கான கத்தி இது. சாதாரண நேரத்தில் உறைக்குள் இருக்கும். சண்டை மூண்டால் உறையை விட்டு வெளியே வரும். சண்டை சீக்கிரம் முடிந்தால் பிரச்னை இல்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுத்தால், திருடனைப் பிடிக்க வந்தவர்களே வீட்டுத் தூணை வெட்டிச் சாய்த்த கதையாகிவிடும்.

ஈறிலிருந்து எச்சிலுக்கு...

ஒரு நாளைக்கு நமக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதில் 99 சதவிகிதம் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் ஒரு சதவிகிதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

சோற்றை நன்றாக மென்றால் இனிக்கும் என்று ஸ்கூலில் படித்திருப்போம். அந்த வேலையைச் செய்யும் அமைலேஸ் என்சைம், எச்சில் சுரப்பிகளிலிருந்தே வருவது. ஆனால், எச்சிலில் இருப்பதெல்லாம் சுரப்பியிலிருந்து வந்தவை அல்ல. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் சிறு பள்ளத்திலிருந்து எப்போதும் கொஞ்சம் திரவம் கசிந்துகொண்டே இருக்கும். ஈறு வீங்கினால் கசிவு அதிகமாகும். அந்தக் கசிவோடு வெள்ளை அணுக்களும், அவை கொட்டிய என்சைம்களும், செத்துப்போன செல்களின் மிச்சமும் எச்சிலில் வந்து கலக்கும். வாய்க்கால் தண்ணீர் ஆற்றில் கலக்கிற மாதிரி. ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்தால், மேலே எங்கோ கழிவு கலக்கிறது என்று தெரிந்துவிடும் இல்லையா? எச்சில் பரிசோதனையின் அடிப்படையும் அதுதான்.

காட்டிக்கொடுக்கும் என்சைம்கள்

ஆய்வாளர்கள் எச்சிலில் தேடும் முக்கியமான சில என்சைம்கள் இவை:

* எம்.எம்.பி-8: நார்களை வெட்டும் கத்தி. உறையிலிருந்து வெளியே வந்த, வேலை செய்துகொண்டிருக்கும் வடிவம்தான் முக்கியம். அது கூடியிருந்தால், ஈறு நார்கள் இந்த நிமிடம் அறுபட்டுக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம்.

* எஸ்.ஜி.ஓ.டி: லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஏ.எஸ்.டி என்றும் சொல்வார்கள். செல்களுக்குள் இருக்க வேண்டிய என்சைம் இது. செல் உடைந்தால் வெளியே கசியும். லிவர் செல் உடைந்தால் ரத்தத்தில் தெரிகிற மாதிரி, ஈறு செல்கள் உடைந்தால் எச்சிலில் தெரியும்.

* எல்.டி.ஹெச்: இதுவும் உடைந்த செல்களின் சாட்சிதான். ஜப்பானில், கூட்டமாகப் பலரைப் பரிசோதிக்க இதைப் பயன்படுத்த முடியுமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

* ஏ.எல்.பி: எலும்போடு தொடர்புடைய என்சைம். வெள்ளை அணுக்களிலும் உண்டு.

* எலாஸ்டேஸ், பீட்டா குளுக்குரோனிடேஸ்: வெள்ளை அணுக்கள் சண்டையின்போது கொட்டுபவை. ஈறில் எவ்வளவு பெரிய சண்டை என்பதைக் காட்டும்.

* ஜின்ஜிபெயின்: இது நம்முடையது அல்ல, எதிரியின் ஆயுதம். போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற ஈறு நோய்க் கிருமி தயாரிப்பது.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டதும், கையடக்க டெஸ்ட் கிட்டாகவே வந்துவிட்டதும் எம்.எம்.பி-8 தான். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சோர்சா என்ற பேராசிரியரின் குழு இதில் நீண்டகாலமாக வேலை செய்திருக்கிறது.

அளவுகோல் இருக்கும்போது எச்சில் எதற்கு?

நியாயமான கேள்வி. பல் டாக்டர்களிடம் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதன் பெயர் புரோப். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி ஆழத்தை அளப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் என்றால் நார்மல். 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் அங்கே பை உருவாகியிருக்கலாம். ஒரு பல்லுக்கு ஆறு இடம் என்று கணக்குப் போட்டால், 28 பற்களுக்கு 168 இடங்களில் அளக்க வேண்டும். நேரம் பிடிக்கும்; பயிற்சி பெற்ற கையும் வேண்டும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கம்பியும் எக்ஸ்ரேவும் சொல்வது நேற்றைய கதை. 5 மில்லிமீட்டர் பள்ளம் என்றால், இதுவரை இவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். அது இப்போதும் போய்க்கொண்டிருக்கிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்பதை ஒரே ஒரு தடவை அளந்து சொல்வது கஷ்டம். ஏரி வற்றியிருப்பது கரையில் உள்ள கோட்டைப் பார்த்தால் தெரியும். மதகு இப்போது திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி அல்லவா?

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்குக் காட்டியது இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்கள். அதே ஹரால்டு லோவின் குழு, 1970-ல் தோட்டத்தில் வேலை செய்த 480 ஆண்களைப் பரிசோதிக்க ஆரம்பித்து, 15 வருடங்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. பல் மருத்துவம் அந்த மக்களை எட்டியதே இல்லை. டூத் பிரஷ் பழக்கமும் இல்லை. எல்லோருக்கும் பல்லில் காரை, எல்லோருக்கும் ஈறு வீக்கம்.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பல் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. சுமார் 8 சதவிகிதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 45 வயதை எட்டும்போது பற்கள் அத்தனையும் போய்விட்டன. 81 சதவிகிதம் பேருக்கு மிதமான வேகம். மிச்சமிருந்த 11 சதவிகிதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் நகரவே இல்லை!

ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே அழுக்கு. ஆனால், முடிவு மட்டும் வேறு வேறு. ரத்தக்கசிவு உள்ள எல்லோருக்கும் பல் போகாது. ஆனால், யாருக்குப் போகும் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த 8 சதவிகிதத்தில் நாம் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. அதை 45 வயதில் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? 25 வயதில் தெரிய வேண்டும். என்சைம்களைத் துரத்துவது இதற்காகத்தான்.

2018-ல் வெளியான உலகளாவிய புதிய வகைப்பாட்டில், ஈறு நோய்க்கு ‘எவ்வளவு சேதம்’ என்பதற்கு நான்கு ஸ்டேஜும், ‘எவ்வளவு வேகம்’ என்பதற்கு ஏ, பி, சி என்று மூன்று கிரேடும் கொடுத்தார்கள். வேகத்தைக் கணிக்க, வருங்காலத்தில் இந்த மாதிரி பயோமார்க்கர்களையும் சேர்த்துக்கொள்ள அதில் இடம் விட்டிருக்கிறார்கள்.

டெஸ்ட் எப்படி இருக்கும்?

கொரோனா காலத்தில் வீட்டிலேயே செய்த ரேபிட் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே டெக்னிக்தான். முதலில் சாதாரணத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, கொடுக்கப்படும் சுத்தமான தண்ணீரை 30 விநாடிகள் வாயில் வைத்துக் கொப்பளித்து ஒரு சிறு கப்பில் துப்ப வேண்டும். அதிலிருந்து சில சொட்டுகளை கிட்டில் விட்டால், ஐந்து பத்து நிமிடங்களில் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் கிட் சரியாக வேலை செய்கிறது, என்சைம் அளவு குறைவு. இரண்டு கோடு என்றால் என்சைம் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, ஈறில் கம்பி குத்துமோ என்ற பயமும் கிடையாது.

அப்போ இதை மட்டும் நம்பலாமா?

அவசரப்படாதீங்க. எச்சில் டெஸ்ட்டுக்குச் சில எல்லைகள் உண்டு.

முதலாவது, எந்தப் பல் என்று அது சொல்லாது. ஆற்றுத் தண்ணீரைச் சோதித்தால் கழிவு கலக்கிறது என்று தெரியும். எந்த வாய்க்காலிலிருந்து என்று தெரியாது. அதற்குக் கரையோரமாக நடந்துதான் பார்க்க வேண்டும். டாக்டரின் கம்பிக்கு வேலை போகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, தவறான ரிசல்ட் வரலாம். ஒரே ஒரு பல்லில் மட்டும் ஆழமான பை இருந்தால், எச்சிலில் கலந்து நீர்த்துப்போய் டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம். மாறாக, வெறும் ஈறு வீக்கமோ, வாயில் வேறு அழற்சியோ இருந்தாலும் அளவு கூடலாம். எச்சில் எவ்வளவு சுரக்கிறது, சிகரெட் பழக்கம் உண்டா என்பதெல்லாமும் கணக்கை மாற்றும்.

மூன்றாவது, உலர்ந்த வாய், சுகர், கர்ப்பம் என்று ஆளுக்கு ஆள் உடம்பின் நிலை வேறு. ஒரே ஒரு நம்பரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

அதனால், இதை வீட்டு வாசலில் அடிக்கும் காலிங் பெல்லாக எடுத்துக்கொள்ளலாம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லும். யார், எதற்கு என்று கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு நோய் அடங்கியிருக்கிறதா என்று கண்காணிக்கவும், பல் மருத்துவரே இல்லாத இடங்களில் யாரை முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்கவும் இந்த டெஸ்ட் கைகொடுக்கும்.

மாத்திரையும் உண்டு... ஆனால்!

கத்தியைக் கண்டுபிடிக்கலாம் என்றால், அதைத் தடுக்கவும் முடியுமே? முடியும். அமெரிக்காவில் லார்ன் கோலப் என்ற ஆய்வாளரின் குழு, டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு, கொலாஜனை வெட்டும் என்சைமையும் அடக்குகின்றன என்று 1980-களில் கண்டறிந்தது. அதன் தொடர்ச்சியாக, கிருமியைக் கொல்லத் தேவைப்படும் அளவைவிடக் குறைவான, 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் மருந்துக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால், இது ஈறைச் சுத்தம் செய்யும் சிகிச்சையோடு துணைக்குக் கொடுப்பது மட்டுமே. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடும் விஷயம் கிடையவே கிடையாது.

சுகர் இருக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க...

சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் கூட்டாளிகள். சுகர் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு வேகமாகக் கெடும். ஈறு கெட்டால் சுகரைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதங்களில் ஹெச்.பி.ஏ1சி சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வீட்டில் அப்பா, அம்மாவுக்கு சுகர் இருந்தால், கண், கால் செக்கப்போடு ஈறு செக்கப்பையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டெஸ்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்!

எச்சில் டெஸ்ட் எல்லா கிளினிக்குகளுக்கும் இன்னும் வந்துவிடவில்லை. ஆனால், நம் வாய் ஏற்கெனவே சில சிக்னல்களைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்:

* பல் துலக்கும்போதோ, கொய்யா, ஆப்பிள் கடிக்கும்போதோ ரத்தம் வருவது
* துலக்கினாலும் போகாத வாய் துர்நாற்றம்
* ஈறு கீழிறங்கி, பல் முன்பைவிட நீளமாகத் தெரிவது
* நெருக்கமாக இருந்த பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி
* ஈறை அழுத்தினால் சீழ், பல் லேசாக ஆடுவது

புகைபிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிகரெட் ஈறின் ரத்தக்கசிவைக் குறைத்துக் காட்டும். ‘எனக்கு ரத்தமே வர்றதில்லை’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரையலாம். ஒரு நாளைக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல் பிடிப்பவர்களை, 2018 வகைப்பாடு நேராக வேகமான ‘சி’ கிரேடில் வைக்கிறது.

‘ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும்’ என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் நம் ஊரில் ஏராளம். உண்மையில் பல்லை ஆட வைத்தது உள்ளே கரைந்த எலும்பு. படிந்திருந்த கெட்டிக் காரை, சிமென்ட் மாதிரி பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். காரையை விட்டுவைத்தால் மிச்சமிருக்கும் எலும்பும் போகும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது இதமாக இருக்கும். ஆனால், கெட்டியாகிவிட்ட காரையை அது கரைக்காது.

மற்றபடி, பழைய பாடம்தான். தினமும் இரண்டு வேளை, இரண்டு நிமிடம், சாஃப்ட் பிரஷ். ஈறோரம் சாய்த்து வைத்து மெதுவாகத் துலக்குங்கள். பல் இடுக்குகளுக்கு ஃப்ளாஸ் அல்லது குட்டி இன்டர்டென்டல் பிரஷ். ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை மட்டும் துலக்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த இடத்துக்குத்தான் பிரஷ் அதிகம் தேவை.

நாளைக்கு ஒரு சொட்டு எச்சிலைப் பார்த்து ‘உங்க ஈறு டேஞ்சர்ல இருக்கு’ என்று ஒரு கிட் சொல்லலாம். இன்றைக்கு அதே சேதியை, நுரையில் தெரியும் அந்தச் சிவப்பு, இலவசமாகவே சொல்கிறது. அடுத்த முறை குழாயைத் திறந்துவிடுவதற்கு முன், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் நிற்கவில்லை என்றால், அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள்!